சென்னை விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக: இரவு 9.40-க்கு இறங்குபவருக்கு ஒரு பதில்

வணக்கம். கொழும்பிலிருந்து இரவு 9.40-க்குச் சென்னையில் இறங்குகிறீர்கள். கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா, இரண்டு பெரிய பெட்டிகள். அறை எழும்பூரில், மூன்றாம் நாள் மதுரைப் பயணம். ‘சிட்டி சென்டருக்கு மெட்ரோவில் 40 ரூபாய்தானாம், டாக்ஸிக்காரர் 1,500 கேட்பாராம், எதில் போகலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டணத்தை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதைத் தீர்மானிக்கப் போவது கடிகாரம். பெட்டிகளோடு வெளியே வந்து நிற்கும்போது மணி 10.30-ஆ, 11.15-ஆ என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. சென்னைக்கு ‘சிட்டி சென்டர்’ என்று ஒரே இடம் கிடையாது. அந்தப் பெயரை டாக்ஸி செயலியில் தட்டினால் மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கும் ஒரு வணிக வளாகத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஒருவருக்கு ஊரின் நடு சென்ட்ரல், இன்னொருவருக்கு தி.நகர், மூன்றாமவருக்கு அண்ணா சாலை. ஒவ்வொன்றுக்கும் போகும் வழி வேறு. உங்களுக்கு எழும்பூர் என்பது தெளிவாக இருப்பதால் பாதி வேலை முடிந்தது. அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: எழும்பூர் ரயில் நிலையத்துக்கு இரண்டு முகம். காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒன்று, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இன்னொன்று. கென்னத் லேன் லாட்ஜுகள் எல்லாம் காந்தி இர்வின் சாலைப் பக்கம். ஓட்டுநரிடம் ‘எழும்பூர் ஸ்டேஷன்’ என்று மட்டும் சொன்னால் பின்பக்கம் இறக்கிவிட்டு, ‘அந்தாண்ட போகணும்னா சுத்திக்கிட்டுத்தான் போகணும்’ என்பார். லாட்ஜின் பெயரையும் தெருவையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். 9.40 என்பது சக்கரம் தரையைத் தொடும் நேரம். விமானம் ஊர்ந்து வந்து கதவு திறக்கப் பத்து நிமிடமாவது ஆகும். அதன்பிறகு குடியேற்றச் சோதனை. உங்கள் விமானம் தனியாக வந்தால் 20 நிமிடம். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு பெரிய விமானம் சற்று முன்னால் இறங்கியிருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பிறகு பெட்டிக்குக் காத்திருப்பு, கடைசியில் சுங்கம். எல்லாம் ஒத்துழைத்தால் 10.30, சாதாரணமாக 11 மணி. மெட்ரோவின் கடைசி வண்டியோ இரவு 11 மணி வாக்கில். 10 மணிக்கு மேல் கால் மணி நேரத்துக்கு ஒன்றுதான் ஓடும். போதாததற்கு எழும்பூருக்கு நேர் வண்டியை நம்ப முடியாது, நடுவில் ஒருமுறை மாற வேண்டிவரும். முதல் வண்டி கிடைத்து, மாற வேண்டிய வண்டி போய்விட்டிருந்தால், அம்மாவோடும் இரண்டு பெட்டிகளோடும் ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ நள்ளிரவில் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். விமான நிலையத்தில் டாக்ஸி பிடிப்பதைவிட அது மோசம். ஆகவே அந்த ஓர் இரவுக்கு மெட்ரோவை மறந்துவிடுங்கள்.

குடியேற்றச் சோதனையில் போகக்கூடிய அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. டிக்கெட் எடுக்கும்போதே, அல்லது பயணத்துக்கு இரண்டு நாள் முன்னராவது விமான நிறுவனத்திடம் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். விமானத்தின் வாசலிலிருந்தே உதவியாளர் தள்ளிக்கொண்டு வருவார். குடியேற்ற வரிசையில் பெரும்பாலும் முன்னால் அழைத்துப் போவார்கள், துணைக்கு வருபவரும் கூடவே போகலாம். இரண்டு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கான மின் வருகைப் படிவம். 2025 அக்டோபர் 1 முதல் இது இணையத்தில்தான். பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே நிரப்பி வையுங்கள். தங்கும் லாட்ஜின் முழு முகவரி அதில் கேட்கப்படும்.

கட்டடத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படையினர், அன்றைக்குப் புறப்படும் டிக்கெட் இருந்தால்தான் அனுமதிப்பார்கள். ஆகவே கழிப்பறை, கொஞ்சம் பணம் மாற்றுவது, லாட்ஜுக்குத் தகவல் சொல்வது எல்லாவற்றையும் உள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் மாற்று விகிதம் குறைவாகத்தான் இருக்கும். டாக்ஸிக்கும் முதல் நாள் சாப்பாட்டுக்கும் போதுமான அளவு மட்டும் மாற்றினால் போதும். கையில் 100, 200 ரூபாய் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். 500-ஐ நீட்டினால் ‘சில்லறை இல்லையே சார்’ என்பது இங்கே பொது வழக்கம். இன்னொரு சிக்கல் இணையம். இங்கே பொது வைஃபைக்குப் பெரும்பாலும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் தேவை, வெளிநாட்டு எண்ணுக்கு அது வந்தாலும் வரும், வராமலும் போகும். ஊபர், ஓலா போன்ற செயலிகளை நம்பி வருவதென்றால் ரோமிங்கை முன்கூட்டியே போட்டுக்கொண்டு வாருங்கள். அது இல்லையென்றால் செயலி டாக்ஸி உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் நிலைமைக்கு வருகைப் பகுதியிலேயே இருக்கும் முன்கட்டண டாக்ஸி கவுன்டர்தான் என் சிபாரிசு. செயலியில் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆனால் தொகை முதலிலேயே முடிவாகிவிடும், கைபேசி தேவையில்லை, இரண்டு பெரிய பெட்டிகள் என்று சொன்னால் அதற்கேற்ற வண்டி தருவார்கள். சாதாரண சிறிய காரில் எரிவாயு உருளை டிக்கியில் பாதி இடத்தைப் பிடித்திருக்கும், இரண்டு பெட்டி உள்ளே போகாது. ஒன்றை முன் இருக்கையில் வைத்துக்கொண்டு போக வேண்டிவரும். கவுன்டரில் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: தொகையில் வரியும் வாகன நிறுத்தக் கட்டணமும் அடக்கமா, இரவுக் கட்டணம் தனியா, வண்டி எங்கே நிற்கும், வண்டி எண் என்ன. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்கும் வரை பத்திரப்படுத்துங்கள். எழும்பூர் வரை சுமார் 17, 18 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒரு சாதாரண காருக்கு 1,500 என்பது அதிகம். செயலியில் வழக்கமாக 500-க்கும் 800-க்கும் இடையில் வரும், கவுன்டரில் அதற்கு மேல் சில நூறு ரூபாய். மழை இரவிலும் பண்டிகைக்கு முந்தின நாளிலும் இந்தக் கணக்கு செல்லாது. வெளியே வந்ததும் ‘டாக்ஸி வேணுமா சார், எங்க போகணும்’ என்று கூடவே நடந்து வருபவர்கள்தான் அந்த 1,500-ஐக் கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் நடந்தால் பத்தடியில் விட்டுவிடுவார்கள். பேச்சுக்கொடுத்தால் பெட்டியில் கை வைத்துவிடுவார்கள்.

செயலியில் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டி வாசலுக்கு வராது. எதிரே மெட்ரோ நிலையத்தை ஒட்டி ஆறு மாடி வாகன நிறுத்துமிடம் ஒன்று 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. செயலி டாக்ஸிகள் ஏற்றிக்கொள்ளும் இடம் அங்கேதான். பெட்டிகளோடு கொஞ்ச தூரம் நடந்து, லிஃப்ட் பிடித்துப் போக வேண்டும். பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன, முதியவர்களுக்குக் கேட்டால் கிடைக்கும், இரவில் காத்திருக்க நேரலாம். பலரும் செய்யும் தவறு, பெட்டிக்குக் காத்திருக்கும்போதே வண்டியைப் பதிவது. ஓட்டுநர் வந்து நின்றதும் கட்டணம் ஏற ஆரம்பிக்கும், அவர் பொறுமையிழந்து ரத்து செய்துவிடுவார். நிறுத்துமிடத்துக்குப் போய், எந்தத் தளம், எந்தத் தூண் எண் என்று பார்த்துக்கொண்ட பிறகு பதியுங்கள். ஓட்டுநர் அழைத்து ‘எங்க சார் டிராப், கேஷா ஆன்லைனா’ என்று கேட்பார். ‘கேஷ்’ என்றால் வண்டி வரும் வாய்ப்பு அதிகம். ‘கேன்சல் பண்ணிட்டு நேரா குடுத்துடுங்க’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பயணத்தின் பதிவே இல்லாமல் போய்விடும். ஏற்றிக்கொள்ளும் இடத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால், நான் சொன்னதைவிட அன்றைக்குச் செயலி காட்டுவதையே நம்புங்கள்.

இரவு 11 மணிக்கு மேல் சாலை காலியாக இருக்கும். ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் கத்திப்பாரா, கிண்டி, சைதாப்பேட்டை, அண்ணா சாலை என்று 35 முதல் 45 நிமிடத்தில் எழும்பூர். இதே பாதை மாலை 5 முதல் 8 வரை ஒன்றரை மணி நேரம் விழுங்கும். தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை மேம்பாலப் பாதை வேலையும், ஊர் முழுக்க மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலையும் சேர்ந்து அண்ணா சாலையைக் குறுக்கிவிட்டன. அந்த நேரத்தில் இறங்குகிறவர் டாக்ஸியில் ஏறினால் காசும் போகும், நேரமும் போகும்.

அதனால் பகலிலோ மாலையிலோ இறங்குகிறவர்களுக்கு, கையில் ஒரு பெட்டிதான் என்றால், மெட்ரோவுக்கு நிகர் எதுவும் இல்லை. விமான நிலையம் நீலத் தடத்தின் கடைசி நிலையம் என்பதால் வண்டி காலியாகவே நிற்கும், உட்கார இடம் கிடைக்கும். காலை 5 மணி வாக்கில் தொடங்கிவிடும். உள்நாட்டு முனையங்களான 1, 4-இலிருந்து கூரையின் கீழேயே நடந்து வந்துவிடலாம். 2023-இல் திறந்த பன்னாட்டு முனையம் 2-இலிருந்து நடை கொஞ்சம் நீளம். நுழையும்போது பெட்டியை எக்ஸ்ரேயில் போட வேண்டும். டிக்கெட்டைக் கதவில் காட்டி உள்ளே போய், வெளியேறும்போது அதையே மறுபடி காட்ட வேண்டும் என்பதால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டியோடு போகிறவர்கள் ஓரத்தில் இருக்கும் அகலக் கதவைப் பயன்படுத்தலாம், இடுங்கிய கதவில் நுழைந்தால் நீங்கள் உள்ளே போக, பெட்டி வெளியே மாட்டிக்கொள்ளும். ரயிலின் நான்கு பெட்டிகளில் ஒன்று பெண்களுக்கு. கவுன்டரில் ரொக்கம் கொடுத்து வாங்கலாம். கைபேசி டிக்கெட்டுக்கும் ‘சிங்காரச் சென்னை’ பயண அட்டைக்கும் 20 சதவீதம் கழிவு. நீங்கள் இரண்டு மூன்று நாள் இருப்பதற்கு அட்டை தேவையில்லை.

சென்ட்ரலுக்கு நேராகவே போகிறது, 40 நிமிடத்துக்குள். மேலே வந்தால் சென்ட்ரல் ரயில் நிலையம், பூங்கா நிலையம், அரசுப் பொது மருத்துவமனை மூன்றுக்கும் சுரங்கப் பாதை உண்டு. கிரீம்ஸ் சாலை மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஆயிரம் விளக்கில் இறங்கலாம். திருவல்லிக்கேணிக்கு அரசினர் தோட்டம், மயிலாப்பூருக்கு நந்தனம் அல்லது தேனாம்பேட்டையில் இறங்கி ஆட்டோ. வடபழனி, கோயம்பேடு, அண்ணாநகர் எல்லாம் பச்சைத் தடம், பெரும்பாலும் ஆலந்தூரில் மாற வேண்டிவரும். ஆலந்தூரில் இரண்டு தடங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக வேறு வேறு தளத்தில் இருக்கின்றன. இறங்கிய நடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தால் உங்கள் வண்டி வராது, நகரும் படியில் ஏறியோ இறங்கியோ போக வேண்டும். எழும்பூரும் பச்சைத் தடம்தான். ஆனால் ஆலந்தூரில் மாறினால் கோயம்பேடு, அண்ணாநகர் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். சென்ட்ரல் வரை நேராகப் போய், அங்கே மாறி ஒரு நிலையம் பின்னால் வருவது சீக்கிரம்.

இதற்கும் மலிவான வழி ஒன்று உண்டு, அதை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதே இல்லை. விமான நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் திரிசூலம் ரயில் நிலையம். சாலையைக் கடக்கச் சுரங்கப் பாதை இருக்கிறது, மெட்ரோ நிலையத்திலிருந்தும் அதற்குப் போகலாம். சாலையின் குறுக்கே ஓட முயலாதீர்கள். சென்னைக் கடற்கரை நிலையம் நோக்கிப் போகும் மின்சார ரயிலில் ஏறினால் மாறாமல் கொள்ளாமல் அரை மணி நேரத்தில் எழும்பூர், கட்டணம் 10 ரூபாயைத் தாண்டாது. தி.நகருக்கு இதைவிட நல்ல வழி இன்றைக்குக் கிடையாது. மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. பெட்டியோடு அந்தக் கூட்டத்தில் சிக்க வேண்டாமென்றால் 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை நேராகப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவிடும். குறை என்னவென்றால் படிக்கட்டு, நெரிசல், குளிர்சாதனம் இல்லாமை. குளிர்சாதன ரயில் 2025-இல் வந்தது, ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். காலை 8 முதல் 10 வரை பெட்டியோடு ஏறுவது நடக்காத காரியம். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலைக்காக ரயில்களைக் குறைப்பார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு இது வேண்டாம்.

மாநகரப் பேருந்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜி.எஸ்.டி. சாலைக்கு நடந்து போய் நிற்க வேண்டும், தாம்பரத்திலிருந்தே நிரம்பி வரும், பெட்டிக்கு இடமிருக்காது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. கைப்பையோடு வருபவர்களுக்கு அது உதவும். ஆட்டோவில் போவதென்றால் செயலியில் பதிந்து போங்கள். அரசு 2013-இல் வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கைச் சொல்லிப் பேரம் பேசினால் ஓட்டுநர் சிரிப்பார்.

மதுரை விஷயத்தில் ஒரு பழைய தகவல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘கோயம்பேடு போனால் பஸ் கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மதுரை, திருச்சி, நெல்லை என்று தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் 2024 ஜனவரியிலிருந்து கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. அது வண்டலூருக்கு அப்பால், விமான நிலையத்திலிருந்து ஊருக்கு நேர் எதிர்த்திசையில் 17 கிலோமீட்டர் போல. மெட்ரோ அங்கே இன்னும் போகவில்லை. எழும்பூரில் தங்கிவிட்டுப் பேருந்துக்குக் கிளாம்பாக்கம் போவது, வந்த வழியே திரும்பி, விமான நிலையத்தையும் தாண்டிப் போவதுதான். அதற்கு எழும்பூரிலிருந்து ரயிலே மேல். பகலில் வைகை, இரவில் பாண்டியன். கென்னத் லேனிலிருந்து நிலையம் நடை தூரம். ஒரே ஒரு எச்சரிக்கை: எழும்பூர் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை நடப்பதால் சில ரயில்களை அவ்வப்போது தாம்பரத்திலிருந்து கிளப்புகிறார்கள். டிக்கெட்டில் ஏறும் இடத்தை முதல் நாளே சரிபாருங்கள். சென்னையில் தங்காமல் விமானத்திலிருந்து நேரே தென்மாவட்ட ரயிலுக்குப் போகிறவர்கள் எழும்பூர் வரை வரவே வேண்டாம். திரிசூலத்திலிருந்து நான்காவது நிலையம் தாம்பரம், வைகையும் பாண்டியனும் அங்கே நிற்கும். ஆனால் முன்பதிவில் ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் எழும்பூரில் ஏறத் தவறினால் உங்கள் இடம் இன்னொருவருக்குப் போய்விடலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவதானால் மழையையும் கணக்கில் சேருங்கள். பலத்த மழையில் முதலில் நிரம்புவது சாலைச் சுரங்கப் பாதைகள், அடுத்து நிற்பது டாக்ஸி. மெட்ரோ பெரும்பாலும் ஓடும்.

திரும்பும் பயணத்தில்தான் உங்களுக்கு மெட்ரோ பயன்படும். அப்போது நேரம் உங்கள் கையில். பெட்டி கனமென்றால் அம்மாவும் நீங்களும் எழும்பூரிலேயே ஏறுவதைவிட, ஆட்டோவில் சென்ட்ரல் மெட்ரோவுக்குப் போய் அங்கே நீலத் தடத்தில் ஏறினால் மாறுகிற வேலை மிச்சம். சாலையிலிருந்து கீழே போக லிஃப்ட் எந்த வாசலில் என்று கேட்டு, அந்த வாசலிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லா வாசலிலும் லிஃப்ட் இல்லை. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் முனையத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, இறங்கியதும் ‘முனையம் 2’ என்ற பலகையைப் பார்த்து நடங்கள். கூட்டம் போகும் பக்கம் போனால் அது உள்நாட்டு முனையமாக இருக்கும்.